அச்சுக்கு முன் ஓர் அவை

தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நாம் விழா எடுப்பதில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லோம். பொங்கல் விழா, பாரதி விழா, ஆண்டு விழா, நூல் வெளியீட்டு விழா என்று ஆண்டு முழுவதும் நம் அரங்குகளில் குத்துவிளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இவற்றுள் நூல் வெளியீட்டு விழாவை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். நம்முள் ஒருவர் நாவல் எழுதுகிறார். பகலெல்லாம் அலுவலகக் கோப்புகளோடு மல்லாடிவிட்டு, இரவில் கண்விழித்து எழுதிய நூல் அது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து அச்சிட்டோரும் உண்டு. விழா நாளன்று ஒருவர் தலைமை தாங்குகிறார், ஒருவர் வெளியிடுகிறார், ஒருவர் பெற்றுக்கொள்கிறார், ஒருவர் பொன்னாடை போர்த்துகிறார். இந்நால்வருள் நூலை முழுவதும் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்பது நாகரிகம் அன்று என நாம் கேளாமல் இருந்துவிடுகிறோம்.

அதனினும் பெரிய வினா ஒன்று உண்டு. அச்சுக்குப் போகுமுன் அந்நூலைப் படித்தவர் எவர்? எழுதியவரையும், கணினியில் பக்கம் அமைத்தவரையும் தவிரப் பெரும்பாலும் எவரும் இலர். நம் புனைகதைக்கு நேர்ந்துள்ள முதற்பெருங் கேடு இதுவே என்பது நம் துணிபு. நம்மவரிடம் திறமை இல்லை என்று கூறுவாரோடு நமக்கு உடன்பாடு இல்லை. அனுபவம் இல்லை என்பாரோடும் உடன்பாடு இல்லை. இல்லாதது ஒன்றே. கதை கையெழுத்துப் படியாக இருக்கும்போதே அதனைப் படித்து, இன்ன இடத்தில் இன்னது பழுது என்று முகத்துக்கு நேரே சொல்லும் வாசகர் இல்லை. அவரைத் தேட எழுத்தாளர் விரும்புவதில்லை. அவரை உருவாக்கச் சங்கங்கள் முயல்வதில்லை.

இரண்டு வரிக் கடிதமும் முந்நூறு பக்க நாவலும்

நம்மில் பெரும்பாலோர் அரசுப் பணியினர். ஆகவே நமக்கு நன்கு தெரிந்த ஒன்றைக் கொண்டே இதனைக் காண்போம். ஓர் அமைச்சகத்திலிருந்து மற்றோர் அமைச்சகத்திற்கு நினைவூட்டுக் கடிதம் ஒன்று போகவேண்டும். இரண்டே வரிகள். உதவியாளர் வரைவு எழுதுகிறார். பிரிவு அலுவலர் அதனைப் பார்க்கிறார். சார்புச் செயலர் ஒரு சொல்லை அடித்து வேறொரு சொல்லை இடுகிறார். அதன் பின்னரே கடிதம் வெளியேறுகிறது. காகிதக் கோப்பு போய் மின்கோப்பு வந்த பின்னும் இவ்வொழுங்கு மாறவில்லை. வரைவு திருத்தப்பட்டதற்காக எந்த உதவியாளரும் மனம் உடைந்து போவதில்லை. தம் தனித்தன்மை பறிபோயிற்று என்று முறையிடுவதும் இல்லை. கடிதம் தவறாகப் போனால் வரும் இழுக்கு அலுவலகத்துக்கு என்பதை அவர் அறிவார்.

இரண்டு வரிக் கடிதத்தை மூவர் பார்க்கின்றனர். அதே உதவியாளர் வீட்டுக்குச் சென்று எழுதும் முந்நூறு பக்க நாவலை ஒருவரும் பார்ப்பதில்லை. தமிழுக்கு வரும் இழுக்கு, அலுவலகத்துக்கு வரும் இழுக்கினும் சிறிதோ?

இக்காலத்தில் இக்கேடு பெருகியிருப்பதற்குக் காரணமும் உண்டு. முன்னர் ஒரு கதை அச்சேற வேண்டுமாயின் பத்திரிகையாசிரியர் ஒருவரின் வாயிலைக் கடந்தாக வேண்டும். அவர் நல்லவரோ அல்லவரோ, ஒரு முறையேனும் படித்தார். திருப்பி அனுப்பவும் செய்தார். இன்றோ தேவைக்கேற்ப ஐம்பது படிகளையும் நூறு படிகளையும் அச்சிட்டுத் தர அச்சகங்கள் காத்திருக்கின்றன. கைப்பேசியில் எழுதி, எழுதிய கை ஆறுமுன் நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். கை கூப்பும் படமும் பூங்கொத்துப் படமும் மறு நொடியே வந்து குவிகின்றன. வெளியிடும் வழி எளிதானது நன்றே. ஆனால் வாயிற்காவலர் போனபின் நமக்கு நாமே காவல் வைத்துக்கொள்ள வேண்டியது கடமையாகிறது.

நம் முன்னோர் கண்ட முறை

தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. நூல் இயற்றுவதற்கும் நூல் வழங்குவதற்கும் இடையே அரங்கேற்றம் என்றொரு வாயிலை வைத்தவர்கள் நம் முன்னோர். தொல்காப்பியத்தின் பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமற எடுத்துரைக்கப்பட்டதைச் சொல்கிறது. அவ்வாசான் இடையிடையே வினாத் தொடுத்தார் என்பதும், தொல்காப்பியர் அவற்றிற்கெல்லாம் விடை இறுத்தார் என்பதும் உரைகாரர் வழி வந்த மரபு. நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு வகுத்த இலக்கணத்தில் ஆக்கியோன் பெயர், நூற்பெயர் முதலியவற்றோடு களம் என்பதனையும் ஒன்றாக வைத்து எண்ணுவர். களமாவது நூல் அரங்கேறிய அவை. எவர் எழுதினார் என்பதோடு எவ்வவையில் ஏறிற்று என்பதும் நூலின் பிறப்புச் சான்றாயிற்று.

பாயிரம் செய்தற்கு உரியார் இன்னார் என்பதையும் அவ்விலக்கணம் வரையறுத்துள்ளது. ஆசிரியனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், அந்நூலுக்கு உரை செய்தவன் ஆகியோரே அவர்கள். இவர்கள் அனைவரும் நூலையோ நூலாசிரியனையோ உள்ளும் புறமும் அறிந்தவர்கள் என்பதைக் கருதுக. இன்று அணிந்துரை கேட்டு நாம் எவரிடம் செல்கிறோம்? பதவியில் உயர்ந்தாரிடமும் மேடையில் ஒலிப்பாரிடமும் செல்கிறோம். அவர்கள் முன்னுரையையும் பின்னட்டையையும் பார்த்து எழுதித் தருகின்றனர். நூலைப் படித்துச் சொல்லும் உரை என்ற பொருளே போய்விட்டது.

சிலப்பதிகாரப் பதிகமும் மணிமேகலைப் பதிகமும் சொல்லும் செய்தி இன்னும் இனியது. இளங்கோவடிகள் உரைக்கச் சாத்தனார் கேட்டார் என்கிறது ஒன்று. சாத்தனார் உரைக்க இளங்கோ கேட்டார் என்கிறது மற்றொன்று. ஒருவர் அரச குடியில் தோன்றிய துறவி. மற்றவர் மதுரையில் கூலம் விற்ற வணிகர். குடியும் தொழிலும் அவர்களுக்குத் தடையாகவில்லை. ஒருவர்க்கொருவர் முதற் கேட்போராக அமைந்த இவ்விருவரைவிட நமக்கு வேறு முன்மாதிரி வேண்டுமோ?

அவையோர் கடுமையாகவும் இருந்தனர். கச்சியப்பர் காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது, முதற்சொல்லின் புணர்ச்சிக்கே விதி காட்டுமாறு அவையில் ஒருவர் தடுத்தார் என்றும், மறுநாள் வீரசோழியத்திலிருந்து விதி காட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் கதை வழங்குகிறது. வரலாறோ புனைவோ, அதனைப் போற்றிக் காத்த சமுதாயம் எதனை மதித்தது என்பது அதில் விளங்குகிறது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நூலை முதற்சொல்லிலேயே நிறுத்தும் உரிமை கேட்போருக்கு இருந்தது.

கேட்போர் புலவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இறையனார் களவியலுக்குப் பலரும் உரை கண்டபோது, மெய்யுரை எது என்று காண உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளையை இருக்கையில் அமர்த்தினராம். நக்கீரர் உரையைக் கேட்டபோது பிள்ளை கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தது. அதுவே உரையெனத் தேர்ந்தனர். நற்கதைக்கும் இதுவே அளவுகோல். கேட்பவர் காரணம் சொல்லத் தெரியாதவராக இருக்கலாம். எந்த இடத்தில் கண் கலங்கினார், எந்த இடத்தில் கொட்டாவி விட்டார் என்பதைப் பார்த்தாலே எழுதியவருக்குப் போதும்.

நாம் வாழும் ஊரின் மரபு

தமிழ்நாட்டை விட்டு வந்தபின் இவையெல்லாம் எப்படி இயலும் என்பார்க்கு, நாம் வாழும் இவ்வூரின் பழைய செய்தி ஒன்றை நினைவூட்டுகிறோம். பழைய தில்லியில் பல்லிமாரான் பகுதியில் வாழ்ந்து 1869இல் மறைந்த மிர்சா காலிப், மாணவர்கள் அஞ்சலில் அனுப்பிய பாடல்களைத் திருத்தி அஞ்சலிலேயே திருப்பி அனுப்பி வந்தார். இஸ்லாஹ் என்பது அதன் பெயர். ஜௌக் 1854இல் மறைந்தபின் பேரரசர் பகதூர் ஷா ஜபரின் பாடல்களைத் திருத்தியவரும் அவரே. ராம்பூர் நவாப் தம் பாடல்களை அவருக்கு அனுப்பித் திருத்தம் பெற்று, திங்கள்தோறும் நூறு ரூபாய் அளித்துவந்தார். பேரரசரும் நவாபும் தம் வரிகளை இன்னொருவர் அடித்துத் திருத்த இசைந்தனர். அரசுக் குடியிருப்பில் வாழும் நமக்கு அவ்விசைவு வராமல் இருப்பது வியப்பே.

லாகூரில் 1939இல் கதைசொல்லிகளின் அவை என்று பொருள்படும் பெயரோடு ஓர் உருதுக் குழு தொடங்கிற்று. பின்னர் அது ஹல்கா-ஏ-அர்பாப்-ஏ-ஜௌக் என்ற பெயரால் புகழ் பெற்றது. வாரந்தோறும் கூடுவர், ஒருவர் தம் படைப்பைப் படிப்பார், மற்றவர்கள் ஒளிவுமறைவின்றி ஆராய்வர், படித்தவர் வாதாடாமல் கேட்டிருப்பார். நவீன உருது இலக்கியத்தின் பெரும்பகுதி அவ்வவையின் நெருப்பில் புடமிடப்பட்டது. அங்கே செலவான தொகை தேநீருக்கு ஆனதே அன்றி வேறில்லை.

கதைத் துறையிலேயே இன்னும் இரு சான்றுகள். விபூதிபூஷண் வந்தோபாத்யாயரின் பதேர் பாஞ்சாலி 1929இல் நூலாக வந்தது. அது எழுதப்பட்டு வந்த நாளிலேயே படித்து ஊக்கியவர்களுள் ஒருவர், கல்கத்தாவில் அவரோடு ஒரே விடுதியில் தங்கியிருந்த நீரத் சந்திர சௌதுரி. ஆர். கே. நாராயணனின் முதல் நாவல் பல பதிப்பகங்களால் திருப்பப்பட்டது. மனம் வெறுத்த அவர், கையெழுத்துப் படியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் எறியவில்லை, கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்தார், ஆங்கிலத்தைத் திருத்தினார், தலைப்பையும் மாற்றச் சொன்னார். 1935இல் அந்நாவல் ‘சுவாமியும் நண்பர்களும்’ என்று பொருள்படும் பெயரில் வெளிவந்தது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் நாராயணனின் கையெழுத்துப் படிகள் கிரீனிடம் சென்று வந்தன. இருவரும் நேரில் கண்டது 1956இல்தான். இருபதாண்டுகள் முகம் காணாமலே ஒருவர் மற்றொருவருக்கு முதல் வாசகராக இருக்க முடியுமாயின், ராமகிருஷ்ணபுரத்தில் இருப்பவருக்குக் கரோல் பாக்கில் இருப்பவர் ஆகமுடியாதா?

மறுப்பும் விடையும்

இதற்கு நம்மவர் சொல்லும் மறுப்புகளை நாம் அறிவோம். படைப்பு என்பது தனிமைத் தவம். அதில் பிறர் தலையிடலாகாது என்பது முதல் மறுப்பு. எழுதுவது தனிமையில்தான். அதில் எவரும் தலையிட வேண்டாம். எழுதி முடித்தபின் வருவதே வாசகரின் பணி. எழுதியவர் தம் பிழையைத் தாமே காணாததற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. கதை முழுவதும் அவர் மனத்தில் இருக்கிறது. தாளில் எழுதாமல் விட்டதையும் அவர் கண் தாளில் இருப்பதாகவே படித்துக்கொள்கிறது. நாயகியின் தந்தை இறந்தது அவருக்குத் தெரியும். அதை எங்கும் சொல்லவில்லை என்பது தெரியாது. மனத்தில் அக்கதை இல்லாத ஒருவரே தாளில் உள்ளதை மட்டும் படிக்க வல்லவர். ஆதலின் இது நட்பின் தேவை மட்டும் அன்று, கண்ணின் தேவை.

கருவைத் திருடிவிடுவார்களே என்பது இரண்டாம் மறுப்பு. கரு மிக மலிவான பொருள். கூட்டுக் குடும்பம் உடைவதும், ஓய்வுபெற்ற தந்தை தனிமைப்படுவதும் எவருடைய தனிச் சொத்தும் அல்ல. ஒரே கருவைப் பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்துக் கதைகள் வரும். திருட முடியாதது நடை ஒன்றே. நடை உள்ளவருக்கு அச்சம் எதற்கு?

பலர் கை வைத்தால் கதை குழுவின் கதையாகிவிடும் என்பது மூன்றாம் மறுப்பு. இதில் உண்மை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் சிறுகதைத் தொகுதி ஒன்று 1981இல் வெளிவந்தபோது, அவருடைய பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் பல கதைகளைப் பாதியளவுக்கும் கீழே வெட்டியிருந்தார். வெட்டியதை நிறுத்துமாறு கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் பயனில்லை. அவர் முதலில் எழுதிய வடிவம் 2009இல்தான் நூலாயிற்று. வெட்டிய வடிவமே சிறந்தது என்பாரும் உளர். மூல வடிவமே உயிருள்ளது என்பாரும் உளர். இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் வாசகரே வேண்டாம் என்பது அன்று. வாசகரின் எல்லையை முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே. நோய் எந்த இடத்தில் என்று சொல்வது வாசகர் கடன்; மருந்து என்ன என்று முடிவு செய்வது எழுதியவர் உரிமை. இவ்வெல்லையை இருவரும் மீறலாகாது.

நேரம் இல்லை என்பது நான்காம் மறுப்பு. வெளியீட்டு விழாவுக்கு அரங்கு தேட நேரம் இருக்கிறது. அழைப்பிதழ் அச்சிட நேரம் இருக்கிறது. சிறப்பு விருந்தினரின் வீட்டுக்கு மும்முறை நடக்க நேரம் இருக்கிறது. ஆகவே இம்மறுப்புக்கு நாம் விடை கூறப் போவதில்லை.

எவரைத் தேடுவது? எப்படிக் கேட்பது?

குறை சொல்வதோடு நில்லாமல் செய்யத் தக்கதையும் சொல்வோம். ஒரு நாவலுக்கு முதல் வாசகர் மூவர் போதும். வீட்டார் வேண்டாம், அவர்கள் நம்மைப் படிப்பார்களே அன்றிக் கதையைப் படிக்க மாட்டார்கள். அலுவலகத்தில் நமக்கு மேலிருப்பவரும் கீழிருப்பவரும் வேண்டாம்; ஒருவர் படிக்க மாட்டார், மற்றவர் உண்மை சொல்ல மாட்டார். மூவருள் ஒருவர் கதை நிகழும் உலகை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். மற்றொருவர் அவ்வுலகை அறவே அறியாதவராக இருக்க வேண்டும். மூன்றாமவர் நாவல்கள் நிறையப் படித்தவராக இருக்க வேண்டும். அவர் எழுதுபவராக இருக்கவேண்டும் என்பதில்லை.

அறிந்தவர் எதற்கு? 1960களில் நடக்கும் கதையில் நாயகன் புது தில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுவதாக எழுதிவிட்டால், ரயில்வேயில் பணிபுரிந்த ஒரு பெரியவர் அவ்வண்டி 1976இல்தான் ஓடத் தொடங்கிற்று என்று சொல்லிவிடுவார். அந்நாளில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் எத்தனை இரவுகள் கழிந்தன, கூஜாவில் தண்ணீர் எங்கே பிடித்தார்கள் என்பதையும் அவரே சொல்வார். பிழை நீங்குவதோடு கதைக்குச் செழுமையும் சேரும். ஊரைவிட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆன நம் எழுத்தாளர்களின் கதையில், திருநெல்வேலிப் பாட்டி வானொலி நாடகத்தில் பேசியதுபோலப் பேசுகிறாள். அங்கிருந்து அண்மையில் மாற்றலாகி வந்த ஒருவர் படித்தால் முதற்பக்கத்திலேயே அதனைக் காட்டிவிடுவார். அவ்வாறே நம் கதைகளில் வரும் இளைஞர்கள் தூய தமிழில் தம் தந்தையோடு வாதிடுகின்றனர். இவ்வூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பாதித் தொடரை இந்தியில் தொடங்கித் தமிழில் முடிப்பதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். இருபது வயதுப் பெண் ஒருத்தியிடம் அப்பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் அவள் சிரிக்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம் என்று கொள்க.

கதை நன்றாக இருக்கிறதா என்று ஒருபோதும் கேட்கலாகாது. அவ்வினாவுக்கு நன்றாக இருக்கிறது என்ற விடை தவிர வேறு வராது. எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்? எங்கே முடிவை ஊகித்துவிட்டீர்கள்? எந்த மனிதரை நம்ப முடியவில்லை? எதைத் திரும்பப் படிக்க நேர்ந்தது? எதை நீக்கினால் இழப்பில்லை? இவ்வைந்தும் போதும். படியை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, ஓரத்தில் அகன்ற இடம் விட்டுத் தருக. சலிப்புத் தட்டிய இடத்தில் ஒரு கோடு, குழம்பிய இடத்தில் ஒரு வினாக்குறி இடச் சொல்லுக. ஒரு திங்கள் தவணை தருக. அதுவரை எழுதியவரும் தம் படியைத் தொடாமல் இருப்பது நலம். ஒரு திங்கள் கழித்துப் பார்க்கும்போது அவரே பாதி அயலாராகிவிடுவார்.

மூவர் குறிப்பும் வந்தபின் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய சுவையாக இருக்கலாம்; தள்ளுதலும் தகும். இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே பழுது இருக்கிறது. அவர்கள் கூறும் காரணங்கள் வேறுபடலாம். ஒருவர் உரையாடல் நீளம் என்பார், மற்றவர் நாயகி மாறிவிட்டாள் என்பார். இரண்டும் இல்லாமல், அதற்கு முந்தைய அத்தியாயத்தில் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாது விட்டதே உண்மைக் காரணமாகவும் இருக்கக்கூடும். இடத்தை நம்புக; காரணத்தை ஆராய்க. திருத்திய படிவத்தை மீண்டும் அம்மூவரிடமே தருவதில் பயன் குறைவு. கதை இப்போது அவர்கள் மனத்திலும் புகுந்துவிட்டது. அதற்குப் புதியவர் ஒருவரைத் தேடவேண்டும்.

வாசகருக்கும் அறம் உண்டு. தாம் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்று சொல்வது அவர் வேலை அன்று. அங்கே கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லி நகைப்பதும் அறம் அன்று. உயிருள்ள இடம் எது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். அது முகமன் அன்று. எதை வெட்டாமல் காக்கவேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிவிக்கும் செய்தி. இவற்றுக்கெல்லாம் மேலாக, இன்று படித்தவர் நாளை தம் கதையைக் கொண்டுவரும்போது மற்றவர் படிக்கக் கடமைப்பட்டவர். சாத்தனாரும் இளங்கோவும் காட்டிய வழி அது.

ஏன் இத்துணை வற்புறுத்துகிறோம்?

கதை நன்றாக வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1965இல் கணையாழி இத்தில்லியில்தான் பிறந்தது. தி. ஜானகிராமன் இங்கே வானொலியில் பணிபுரிந்தார். கீழ்வெண்மணியில் 1968இல் நிகழ்ந்த கொடுமையை இங்கிருந்தபடி குருதிப்புனல் என்னும் நாவலாக்கினார் இந்திரா பார்த்தசாரதி. தலைநகர்த் தமிழரின் போலித்தனத்தையும் தனிமையையும் காகித மலர்கள் நாவலில் எழுதிய ஆதவன் 1987இல் மறைந்தார். அந்நாவல்களைப் படிக்கும் எவரும் அக்காலத் தில்லியில் தமிழன் எப்படி அஞ்சினான், எப்படி நடித்தான் என்பதைக் காணலாம்.

அதற்குப் பின் நம் வாழ்வில் நிகழ்ந்தவை எத்தனை! அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழுந்தன. வயல்களாக இருந்த குர்காவும் நொய்டாவும் நம் பிள்ளைகளுக்கு வேலை தந்தன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில், ஊரில் இறந்த தாயின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் நம்மிடையே உள்ளனர். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை நம் வீட்டிலேயே வளர்ந்துவிட்டது. இவற்றை எழுத வேண்டியவர்கள் நாமே. சென்னையிலிருந்து எவரும் வந்து எழுதித் தரப் போவதில்லை. எழுதும் ஆர்வம் நம்மவரிடம் உண்டு. ஆயினும் முதல் வரைவே முடிந்த நூலாக அச்சேறி, பரிசளிப்புக்குப் பின் பரணில் ஏறிவிடுகிறது. பழுதான நூலை நூறு பேர் படிக்காமல் விட்டால் அதில் இருந்த உண்மையும் படிக்கப்படாமல் போகிறது. தமிழ் படிக்கும் கண்கள் ஆண்டுதோறும் குறைந்துவரும் இவ்வூரில், நல்ல வாசகரை வீணாக்க நமக்கு உரிமை இல்லை.

ஆதலின் சங்கங்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம், ஒரு சிறிய அறையைக் கதைக்கென ஒதுக்குக. எண்மருக்கு மேல் வேண்டாம். மாலையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம், தலைவரும் வேண்டாம். கதையின் படி ஒரு வாரம் முன்னரே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். படிக்காமல் வந்தவர் கேட்கலாம், பேசலாகாது. முதல் அரைமணி நேரம் எழுதியவர் வாய்திறவாமல் குறிப்பெடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் உயிருள்ள இடம் ஒன்றையும் பழுதுள்ள இடம் ஒன்றையும் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும். பின்னர் எழுதியவர் வினவலாம். வாதாட வேண்டாம், வீட்டுக்குச் சென்று திருத்தட்டும், அல்லது திருத்தாமல் விடட்டும். ஒரு பொன்னாடையின் விலையில் ஓராண்டுக்கு வேண்டிய ஒளிநகல்கள் எடுத்துவிடலாம்.

ஆண்டு மலர்க் குழுவினர்க்கும் ஒன்று. அடுத்த மலரில் வெளிவரும் ஒவ்வொரு கதையின் அடியிலும், அக்கதையை அச்சுக்கு முன் கேட்டவர் இன்னார், கேட்ட நாள் இன்ன நாள் என்று ஒரு வரி சேர்க்குமாறு வேண்டுகிறோம். அவ்வரி இல்லாத கதையை, எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருப்பினும், திருப்பி அனுப்பும் துணிவு குழுவினர்க்கு வேண்டும். நன்னூலார் களம் என்று கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.